1750ஐ 25ஆல் பெருக்காதீர்கள்

கேள்வி, 8 நவம்பர் 2025

நேற்று பட்ஜெட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1350இலிருந்து 1550 என்றார் ஜனாதிபதி. அரசாங்கம் தன் பங்குக்கு நாளுக்கு 200 போடுமாம். ஆக 1750, ஜனவரியிலிருந்து. இருபத்தைந்து நாளுக்கு 43,750. நான் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை நின்று வாங்குவது அதைவிடக் குறைவு. உங்களுக்கு வீடும் சும்மா, விறகும் சும்மா. இனியும் மலையகத்தில் என்ன புலம்பல்? உண்மையாகத்தான் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.

10 நவம்பர், இரவு

சண்டைக்கு இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். நான் ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டவுனில் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறவன். அதற்கு முன் ஆறு வருடம் புறக்கோட்டையில், முதலில் மூட்டை தூக்கினேன், அப்புறம் பில் போட்டேன். ஆகவே கடையில் நிற்கிற கால்வலி எனக்கும் தெரியும். மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள்.

இன்றைக்குப் பத்தாம் திகதி, சம்பள நாள். அவளுடைய சம்பளத் துண்டு என் முன்னால் கிடக்கிறது. உங்கள் பெருக்கல் சரி, 25தான் பிழை. ஒக்டோபரில் அவளுக்கு விழுந்த பேர் 17. பேர் என்றால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பதிகிற ஒரு முழு நாள். காலையிலிருந்து மாலை வரை மலையில் நின்றாலும், சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான். இந்தப் பதினேழில் நான்கு அரைப்பேர்களைச் சேர்த்து இரண்டாக்கியிருக்கிறார்கள். 17ஐ 1350ஆல் பெருக்கினால் 22,950. சேமலாப நிதிக்கு எட்டு வீதம், 1,836. தீபாவளி அட்வான்ஸில் முதல் தவணை 2,000. சங்கச் சந்தா, தேயிலைத்தூள், கோவில் என்று சில்லறைப் பிடிப்புகள் 1,260. கையில் வந்தது 17,854.

அதே பதினேழு பேருக்கு 1750 என்றால் 29,750. பிடிப்புக்கு முன்னால் 6,800 கூட வரும். அது சின்னக் காசு இல்லை, வேண்டாம் என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன 43,750க்கும் அதற்கும் நடுவே பதினாலாயிரம் இருக்கிறது. புலம்பல் அந்தப் பதினாலாயிரத்தில்.

இன்னொன்று. உங்கள் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், தனியார் துறைக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் இந்த ஏப்ரலிலிருந்து 27,000, வருகிற ஜனவரியிலிருந்து 30,000. நம் இரண்டு பேரில் யார் குறைய வாங்குகிறோம் என்று மல்லுக்கு நிற்பதைவிட அது பிரயோசனம்.

12 நவம்பர்

திருத்தம். நேற்று எழுதியதை (முந்தாநாள், சரி) மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "தீபாவளி மாசத்தை எடுத்து வச்சுக்கிட்டு கணக்குச் சொல்றீங்களே, நியாயமா?" என்றாள். நியாயம் இல்லைதான். செப்டம்பர் துண்டைத் தேடி எடுத்தேன், 19 பேர். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கொட்டும்போது 22 வரை போயிருக்கிறது. வறட்சியான பெப்ரவரியில் 13. ஆக 17 என்பது நடுவாந்திரம், கொஞ்சம் கீழே. 25 எந்தத் துண்டிலும் இல்லை, மூன்று வருடத் துண்டுகள் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

வராத நாளெல்லாம் இவர்கள் லீவு போட்ட நாள் என்று நினைக்காதீர்கள். கொழுந்து குறைந்தால் வேலையே குறைத்துக் கொடுக்கிறார்கள். சில நாள் பேர் இல்லை, கைக்காசுதான், எடுத்த கிலோவுக்கு இவ்வளவு என்று.

16 நவம்பர்

அந்த 200ஐப் பற்றி. வருகைக் கொடுப்பனவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டதும் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. டின்னில் அடியில் 2017இன் துண்டு ஒன்று கிடைத்தது, அம்மாவுடையது. 2016 ஒக்டோபரில் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் போட்ட கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30. எல்லாம் சேர்த்து 730. மேடையில் எல்லாரும் 730 என்றுதான் சொன்னார்கள். சேமலாப நிதி கணக்கானது 500க்கு மட்டும். அம்மாவுக்கு 730 முழுதாகக் கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். 2019இல் அடிப்படையை 700 ஆக்கியபோது வருகைக் காசையும் உற்பத்திக் காசையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வருகை திரும்பி வந்திருக்கிறது, இந்த முறை கம்பனி பையிலிருந்து இல்லாமல் அரசாங்கப் பையிலிருந்து. அதாவது வெள்ளவத்தையில் நீங்கள் வாங்குகிற சீனிக்குக் கட்டுகிற வரியிலிருந்தும்தான். கோபப்படுவதாக இருந்தால் அதற்குக் கோபப்படுங்கள், நானும் கூட வருகிறேன்: இலாபம் கம்பனிக்கு, சம்பளத்தில் ஒரு துண்டு பொதுமக்களுக்கு.

ஆனாலும் வாங்கிக்கொள்வோம். வெட்கமெல்லாம் இல்லை.

16 நவம்பர், பிறகு

மேலே எழுதியது கொஞ்சம் சூடு. கம்பனிப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல கொழுந்து நாலரை கிலோவுக்கு மேல் போட்டால்தான் ஒரு கிலோ தூள். பதினெட்டு கிலோ எடுத்தால் ஏறக்குறைய நான்கு கிலோ தூள். கொழும்பு ஏலத்தில் கிலோ ஆயிரத்துக்கு மேல் போகிறது, நாலாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1350 கொழுந்து எடுத்தவளுக்கு. மீதியில் ஃபெக்டரி, விறகு, கரண்ட், உரம், லொறி, ஸ்டாஃப். அப்படிப் பார்த்தால் அவர்கள் சொல்வதும் முழுப்பொய் இல்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியபோது எங்கள் மலையே மஞ்சளாகிப் போனது, அது கம்பனி செய்த பிழை இல்லை. மலையைப் பராமரிக்காமல் புல் மண்ட விட்டது மட்டும் அவர்கள் பிழை. கொழுந்தைத் தேடிப் பாம்புக்கும் குளவிக்கும் நடுவில் பெண்கள் நடக்கிறார்கள்.

18 நவம்பர்

கடைக் கொப்பியைப் பற்றிச் சொல்ல நினைத்து எங்கேயோ போய்விட்டேன். எங்கள் கடையில் எழுபது, எண்பது குடும்பத்துக்குப் பற்றுக் கொப்பி இருக்கிறது. மாதம் முழுக்க எழுதி, பத்தாம் திகதி அடைப்பார்கள், அடைத்த கையோடு மறுபடி எழுதுவார்கள்.

2021 மார்ச்சில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வந்தபோது நான் பெரிதாக எதிர்பார்த்தேன். முதலாளியும் பால்மாவும் மாஜரினும் கூடுதலாக இறக்கினார். இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் கிலோவைக் கூட்டினார்கள், பேர் குறைந்தது, கூட்டு ஒப்பந்தமும் போனது, பிணக்கு வந்தால் தோட்டத்தை நடத்துகிற துரையோடு உட்கார்ந்து பேச ஒரு காகிதம்கூட இல்லை. கொப்பியில் அது எப்படித் தெரிந்தது என்றால், 400 கிராம் பால்மா வாங்கிய வீடுகள் சின்னப் பக்கெட்டுக்கு வந்தன. பருப்பு அரைக் கிலோ கால் கிலோவானது. ஷாம்பு போத்தல் சாஷேயானது. கால் கிலோவாக நான்கு முறை வாங்கினால் ஒரு கிலோவைவிடக் கூட ஆகும் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒரு அக்காவிடம் சொல்லியும் பார்த்தேன். "தம்பி, மொத்தமா வாங்கி வச்சா மொத்தமா தின்னுடுவாங்க" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

2022ஐச் சொல்லவே வேண்டாம். கோதுமை மா கிலோ நானூறைத் தொட்டது. ரொட்டி தின்று வளர்ந்த சனம் நாங்கள். கொழும்பில் நீங்கள் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு கிழவி, "நமக்கு அந்தத் தொல்லை இல்ல, அடுப்பு எரியும், மேல வைக்கத்தான் ஒன்னும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். விறகு சும்மா என்று நீங்கள் எழுதியபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

20 நவம்பர்

இது சம்பளத்தைப் பற்றியது இல்லை, கடைப் பேச்சு. இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து சொப்பிங் பேக் சும்மா கொடுக்கக் கூடாது, விலை போட்டு பில்லில் காட்ட வேண்டும். சூழலுக்கு நல்லதுதான், எங்கள் ஓடையைப் பார்த்தால் தெரியும். ஆனால் இருபது நாளாக நான் வாங்குகிற ஏச்சு! 1750 வரப் போகிறது, அதற்குள் பேக்குக்குக் காசு பிடிக்கிறான் என்று ஒருவர். நானா பிடிக்கிறேன்? இன்னொரு ஐயா கொழுந்துச் சாக்கையே எடுத்து வந்து, மா, சீனி, மண்ணெண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவருக்குத்தான் முதல் பரிசு.

23 நவம்பர், ஞாயிறு

மேலே அரைப்பேர் என்று எழுதியதை யாரும் கவனித்த மாதிரி இல்லை, 1750, 1750 என்றே பேச்சு போகிறது. எனக்கு முக்கியம் அதுதான்.

பாணை எடுங்கள். ஒரு பாண் 450 கிராம் இருக்க வேண்டும், அரைப் பாண் 225 என்று 2024 பெப்ரவரியில் வர்த்தமானி போட்டார்கள். பாண் விற்கிற கடையில் அந்த நிறையை எழுதித் தொங்கவிட வேண்டும். குறைந்தால் 1977 என்ற நம்பருக்குப் போன் அடிக்கலாம், நுகர்வோர் அதிகார சபை வரும். எங்கள் கடைக்கே வந்திருக்கிறார்கள், தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், பாணை ஒவ்வொன்றாக நிறுத்தார்கள், எனக்கு வியர்த்துவிட்டது. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு இவ்வளவு காவல்.

இனி கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போவோம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கு என்று ஒரு கிலோ கழிவு, மழை என்றால் தண்ணீருக்கு இன்னும் ஒன்று. வெயில் நாளிலேயே மூன்று கிலோ போகிறது. பதினெட்டு கிலோவுக்குப் பேர் என்றால் இருபத்தொரு கிலோ எடுத்தால்தான் பேர். பதினேழு காட்டினால் அரைப்பேர், 675 ரூபாய் காலி. ஒரு கிலோவில் 675 ரூபாய்! ஏலத்தில் எந்தத் தேயிலைக்குப் பச்சைக் கொழுந்து கிலோ 675 கொடுக்கிறார்கள்?

அதனால்தான் சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. பேருக்கு எத்தனை கிலோ, கழிவு எத்தனை, அதைக் கேளுங்கள். பட்ஜெட்டில் நாளுக்கு விலை சொன்னார்கள். நாள் என்றால் எத்தனை கிலோ என்று சொல்கிற ஆள் மடுவத்தில் இருக்கிறார்.

ஒரு காலிச் சாக்கு ஒரு கிலோ நிறுக்குமா? கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து எழுதுகிறேன். முத்திரை குத்திய தராசு.

24 நவம்பர்

வாக்கு யாருக்குப் போட்டாய் என்று உள்பெட்டியில் இரண்டு பேர். ஒளிக்க ஒன்றும் இல்லை. அப்பா சாகும் வரை தோட்டத் தொழிற்சங்கத்தைத் தவிர வேறு கட்சி தெரியாதவர். குடியுரிமை இல்லாமல் கிடந்த சனத்துக்குச் சங்கம்தான் வீடு, வாசல், கச்சேரி (அரசாங்க ஒபிஸ்) எல்லாம். 1948இல் பறித்ததை முழுதாகத் திருப்பிக் கொடுக்க 2003 வரை இழுத்தார்கள் என்றால் அந்த விசுவாசம் புரியும். பெரியப்பா குடும்பம் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பல் ஏறியது, அப்பா ஏறவில்லை. நானும் பல வருடம் அப்பா காட்டிய சின்னத்துக்கே போட்டேன்.

2024 மே தினத்தில் கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் 1700 என்று அறிவித்தபோது கைதட்டினேன். 1350 அடிப்படை, 350 ஊக்குவிப்பு. கம்பனிகள் நீதிமன்றம் போயின, 350 கரைந்தது, மிஞ்சியது 1350. செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டம் சஜித் பக்கம் நின்றது, நவம்பரில் எட்டு ஆசனத்தில் ஐந்தை இப்போதைய ஜனாதிபதியின் கட்சியான திசைகாட்டிக்குக் கொடுத்தது. அந்த இரண்டு மாதத்தில் மனம் மாறியவர்களில் நான் ஒருவன். மனைவி மாறவில்லை. "1700னு அவங்க சொன்னாங்க, 1750னு இவங்க சொல்றாங்க, அம்பது ரூபாய்க்கா கட்சி மாறுனீங்க?" என்று போன வாரம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

27 நவம்பர்

மழை நிற்கவே இல்லை. சாக்கு நிறுக்கிற நிலை இல்லை. கரண்ட் போய் வருகிறது. கீழ் டிவிசனில் மண் வருகிறது என்கிறார்கள்.

5 டிசம்பர்

இருக்கிறோம். கேட்டவர்களுக்கு நன்றி, தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை. டவர் விழுந்து ஐந்து நாள் சிக்னல் இல்லை, இப்போது டவுன் முச்சந்தியில் நின்றால் இரண்டு கோடு வருகிறது, அங்கே நின்றுதான் தட்டுகிறேன். புயலுக்கு டித்வா என்று பெயர் வைத்தார்களாம், எங்களுக்கு அது மழையாகவே வந்தது, காற்று அவ்வளவு இல்லை. நான்கு லயத்துச் சனம் பாடசாலையில். எங்கள் லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருக்கிறது, நாங்களும் மூன்று இரவு அங்கேதான் படுத்தோம். கார்த்திகை விளக்கீட்டுக்கு இந்த வருடம் எல்லா வீட்டிலும் விளக்கு, கரண்ட் இல்லாததால்.

கடையைத் திறந்து வைத்தோம். முதல் இரண்டு நாள் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும், மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை, பாதை அடைத்ததால் லொறி வரவில்லை. வேடிக்கை என்னவென்றால் கரட்டும் லீக்ஸும் விளைகிற மாவட்டத்தில் ஒரு கரட்டைக் காணவில்லை. முதலாளி மாவின் விலையை ஏற்றவில்லை. எவ்வளவு ஏசினாலும் இந்த ஒன்றுக்காக அவரை மன்னிக்கிறேன். கொப்பியில் எழுதச் சொன்னார், கொப்பி இல்லாதவர்களுக்கும் எழுதச் சொன்னார்.

8 டிசம்பர்

வீடு சும்மா என்ற பேச்சுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது, வீட்டுச் சாமானுக்கு 50,000, வீடே போனவர்களுக்குப் பெரிய தொகை. நல்லது. ஆனால் படிவத்தில் வீட்டு உரிமையாளர் என்று ஒரு கட்டம் வந்தால் நான் என்ன எழுதுவது? லயம் தோட்டத்துடையது. தாத்தா காலத்திலிருந்து நான்கு தலைமுறை அதே காம்பராவில் (லயத்து அறையில்), கூரைத் தகரம் நான் வாங்கிப் போட்டது, நிலம் என் பெயரில் ஒரு சாண் இல்லை. வேலைக்கு ஆள் போகிற வரைதான் வீடு. வெள்ளவத்தைத் தம்பி, வாடகைக்கு இருப்பவனிடம் ஒரு ஒப்பந்தக் காகிதமாவது இருக்கும்.

முகவரியும் அப்படித்தான். மகளுக்கு ஒன்லைனில் ஒரு கல்குலேட்டர் எடுத்தேன் (நவம்பர் ஆரம்பத்தில், மழைக்கு முன்). முகவரி கேட்ட இடத்தில் தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்து எண் போட்டேன். கொண்டு வந்த பையன் டவுனில் நின்று போன் அடிக்கிறான்: "அண்ணே, வீட்டு நம்பர் சொல்லுங்க." லயத்தில் பன்னிரண்டு காம்பரா, நம்பர் ஒன்றும் இல்லை. "கோவிலுக்குப் பக்கத்து லயம், நாலாவது கதவு, நாய் இருக்கும்" என்றேன். "மேப்பில நாய் காட்டாது அண்ணே" என்றான். கடைசியில் கடைக்கே வரவழைத்து வாங்கினேன். இன்றைக்கும் எங்கள் கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் போகிறது, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு வந்த கடிதம் பரீட்சை முடிந்து கிடைத்த பிள்ளைகள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள்.

11 டிசம்பர்

நவம்பர் துண்டு வந்தது, ஒரு நாள் பிந்தி. 14 பேர். அதற்குள் மழை நாட்கள், மண் சரிந்த நாட்கள், பாடசாலையில் படுத்த நாட்கள் எல்லாம் அடங்கும், அதாவது அடங்கவில்லை. 18,900. பிடிப்பெல்லாம் போகக் கையில் 14,128.

இப்போது அந்த 200 எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. நவம்பர் 16இல் அதை ஒரு பகிடியாக எழுதினேன். வருகைக் கொடுப்பனவு என்றால் வந்தவளுக்கு. மலை வெடித்து வராதவளுக்கு இல்லை. அவள் வர வேண்டிய அந்த மலையே ஓடைக்குள் கிடக்கிறது. இதே மாதம் 1750 இருந்திருந்தால்கூட 14ஆல்தான் பெருக்க வேண்டும், 24,500. சம்பளத்தை நாளோடு கட்டி வைத்திருக்கிற வரை ஒவ்வொரு மழையும் சம்பள வெட்டு. மாதச் சம்பளம் என்று பேச்சு எழுந்தால் சங்கமும் கம்பனியும் ஒன்றாக முகம் சுளிக்கிறார்கள், அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

கிழமை லோன்காரர்கள் நேற்று வந்தார்கள். பாதை அடைத்திருந்தும் எப்படியோ நடந்து வந்துவிட்டார்கள். அவர்களுக்குத்தான் வருகைக் கொடுப்பனவு கொடுக்க வேண்டும்.

14 டிசம்பர், ஞாயிறு

சாக்கு. மறந்துவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டினார், மறக்கவில்லை.

நேற்று மாலை மனைவி மலையிலிருந்து நேரே கடைக்கு வந்தாள், காலிச் சாக்கோடு, நல்ல மழை. தராசில் போட்டேன். 940 கிராம். இரண்டாவது முறையும் போட்டேன், முதலாளியும் வந்து பார்த்தார், 940தான். ஆக சாக்குக்கு ஒரு கிலோ என்று மடுவத்தில் வெட்டுவது ஏறக்குறைய சரி. நான் நவம்பர் 23இல் எழுதியதைப் படித்துவிட்டுக் கணக்கப்பிள்ளையை ஏசியவர்கள் கொஞ்சம் பொறுங்கள், நானும் ஏசியிருக்கிறேன், வாபஸ்.

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் சாக்கைப் பிழிந்து மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஈரச் சாக்கை நிறுத்துட்டு நியாயம் பேசாதீங்க. தண்ணிக்கு அவங்க தனியா ஒரு கிலோ வெட்டுறாங்க. காய்ஞ்ச சாக்கை நிறுங்க."

இன்றைக்கும் மழை. சாக்கு அடுப்புக்கு மேலே தொங்குகிறது, காயவில்லை.